கேமராவுக்கு வீடு காட்டுற வேலை

முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டே இதை எழுதுறேன். ரெண்டு கொத்து உருவினா ஒரு வரி. அடுத்தவுக வீட்டுக் கதவைத் தட்டி, "ஒரு போட்டோ எடுத்துக்கிறாராம்"னு கெஞ்சுறதுதான் என் தொழில். ஒத்தக்கடையில ஒரு அக்கா தன் வீட்டு மாடியை வெளிநாட்டுக்காரங்களுக்கு வாடகைக்கு விடுறாங்க. நான் அங்க சமைக்கப் போனவ. வர்றவங்கள்ல பாதிப் பேரு கழுத்துல கேமரா. நம்ம அன்றாட வாழ்க்கையைப் படம் பிடிச்சு அவங்க ஊர்ல காட்டணுமாம். கூட ஒரு பொம்பளை போனா வீட்டுக்குள்ள விடுவாங்கன்னு அக்கா என்னை அனுப்ப ஆரம்பிச்சாங்க.

நாலு பேரு முன்னால எனக்குப் பேச்சு வராது. படிப்பும் எட்டாவதோட சரி. அதனாலயே என்னைப் பார்த்தா யாருக்கும் பயமில்லை, கதவு திறந்துருது. வாயில்லாத ஆளை முன்னால நிறுத்தி வேலை வாங்குறது எல்லா இடத்துலயும் நடக்கிறதுதான், நீங்களும் பட்டிருப்பீங்க. ஆனா போன மாசம் வந்தவரு என் மகளைப் பத்தியே ஊரு உலகத்துக்கு ஒரு பொய்யைச் சொல்லிட்டாரு. அதைத் திரும்ப எடுக்க வைக்க நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

வேண்டாத ஃபிரிட்ஜ்

திருவாதவூர்ல எனக்குச் சின்னம்மா முறை ஆகுறவுக வீட்டுக்கு முதல்ல அவரைக் கூட்டிட்டுப் போனேன். ஃபிரிட்ஜ் வாங்கி ஆறு மாசந்தான் ஆகுது. படம்னு சொன்னதும் சின்னம்மா நல்ல சேலை கட்டி, ஃபிரிட்ஜ் மேல பூப்போட்ட துணி விரிச்சு, அதுக்குப் பக்கத்துல போய் நின்னாங்க. இவரு தலையை ஆட்டி, கையால சைகை காட்டினாரு. ஃபிரிட்ஜ் வேண்டாமாம், கேஸ் அடுப்பும் வேண்டாமாம். வீட்டுக்குப் பின்னால வெந்நீர் போடுற விறகடுப்பு முன்னால உக்காந்து ஊதணுமாம்.

சின்னம்மாவும் எனக்காக ஊதினாங்க. புகை ஏறி, இருமி, கண்ணுல தண்ணி வந்தப்பதான் இவரு சந்தோஷமா எடுத்துத் தள்ளினாரு. கிளம்புறப்ப சின்னம்மா என் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. "ஏன்டி செல்வி, ஃபிரிட்ஜ் வச்சிருந்தா நாங்க அன்றாடம் வாழலையாக்கும்?"

முளைப்பாரி வாசல்

எங்க தெரு அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு வீட்டுல முளைப்பாரி போட்டிருந்தோம். இருட்டு அறையில சட்டி சட்டியா தானியம் முளைக்கும். விரதம் இருக்கிற பொம்பளைகதான் உள்ளே போய்த் தண்ணி தெளிக்கணும், ஆம்பளைக எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. இவரு எப்படியோ மோப்பம் பிடிச்சு வந்து, அந்த வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்கிறாரு. நான் ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சேன். அவரு அக்காவுக்குப் போன் போட்டு இங்கிலீஷ்ல பொரிஞ்சு தள்ளிட்டு, போனை ஸ்பீக்கர்ல போட்டு என்கிட்ட நீட்டினாரு. "செல்வி, அவரு ஆம்பளையா வரலையாம், போட்டோகிராபராத்தான் வர்றாராம்"னு அக்கா சொல்றாங்க!

உள்ளே முளைப்பாரியைப் பார்த்துக்கிற பேச்சி மதினி காதுல அது விழுந்துருச்சு. வெளிய வராமலே பதில் வந்துச்சு. உள்ளே என் சட்டியும் இருந்துச்சுங்கிறதையும் சேர்த்து நினைச்சுக்கோங்க. "அப்ப சேலையைக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு. அந்த ஆளை ஊரை விட்டு அனுப்புற வரைக்கும் நீயும் உள்ளே காலை வைக்காத!"

துடைச்ச தட்டு

மறுநாள் காலையில என் வீட்டுக்கே வந்துட்டாரு. என் மக யாழினிக்கு நாலு வயசு. ரெண்டு தோசையைத் தின்னுட்டு, வாசல்ல உக்காந்து தட்டுல ஒட்டியிருந்த சட்னியை நக்கிக்கிட்டு இருந்தா. மண்ணுல விளையாடப் போடுற கிழிஞ்ச கவுன். இருங்கன்னு கையைக் காட்டிட்டு, பிறந்த நாள் கவுனும் சீப்பும் எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வந்தா ஆளைக் காணோம். எடுத்து முடிச்சுட்டுப் போயிட்டாரு.

ரெண்டு நாள் கழிச்சு, அவரு நெட்ல போட்டிருந்த படத்தை அக்கா தன் போன்ல காட்டினாங்க. என் பிள்ளை, கருப்பு வெள்ளையில, காலித் தட்டை வாயில வச்சுக்கிட்டு. கீழே வரிசையா அழுகிற மூஞ்சிகளாப் போட்டு வச்சிருக்காங்க. என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். அக்கா கொஞ்சம் இழுத்துட்டு, 'பசி'ன்னு சொன்னாங்க. தினம் காலையில என் கையால ஏழு பணியாரம் தின்ன மனுசன்! நான் சமைச்சுப் போடுறவ, என் பிள்ளை பட்டினியாம். எனக்குக் கண்ணு பொங்கிருச்சு. அக்கா பதறிட்டாங்க. "ஒத்தை வார்த்தைதானடி போட்டிருக்காரு, இதுக்குப் போயி அழுவாகளா?"

மூணாவது தோசை

அந்த ராத்திரி பூரா மனசுக்குள்ளயே சொல்லிப் பார்த்துக்கிட்டேன். விடிஞ்சதும் யாழினியைக் கூட்டிட்டுப் போய் அவரு சாப்பிடுற மேசையில எதிர்த்தாப்புல உக்கார வச்சேன். அக்காவும் பக்கத்துல நின்னாங்க. ஒரு தோசை போட்டேன், தின்னா. ரெண்டாவதும் தின்னா. "அம்மா, பொடி தோசை"ன்னா. அவரு சிரிச்சுக்கிட்டே கேமராவைத் தூக்கினாரு. முளைப்பாரி ஊர்வலமாப் போற அன்னைக்கு முன்வரிசையில நின்னு எடுக்கணும்னு அவருக்கு ஆசை. அதுக்குப் பேச்சி மதினிகிட்டயும் மத்த பொம்பளைககிட்டயும் நான்தான் பேசியாகணும். நான் அவரைப் பார்க்கலை, தோசைக்கரண்டியைப் பார்த்துக்கிட்டே பேசினேன்.

"அக்கா, 'பசி'ன்னு போட்டதை எடுக்கச் சொல்லுங்க. 'ரெண்டு தோசை தின்னுட்டு மூணாவதுக்கு உக்காந்திருக்கா'ன்னு போடச் சொல்லுங்க. இல்லாட்டி யாரு வாசலுக்கும் நான் வரமாட்டேன்." விருந்தாளிடின்னு அக்கா கண்ணைக் காட்டினாங்க. நான் நகரலை. கடைசியில அக்கா அதை அவருகிட்ட இங்கிலீஷ்ல சொன்னாங்க. அவரு சிரிப்பு நின்னுபோச்சு. போனை எடுத்தாரு, எழுத்தை மாத்தலை, படத்தையே அழிச்சுட்டாரு. ஏன் முழுசா அழிச்சாருன்னு அக்காகிட்டக் கேட்டேன். அவரு சொன்னதை அக்கா அப்படியே சொன்னாங்க. "'அப்படிப் போட்டா அதை யாரு பார்ப்பா?'ங்கிறாரு."

ஆகக்கூடி, நம்ம பிள்ளை வயிறு நிறைஞ்சு உக்காந்திருந்தா அது எந்த நாட்டுக்கும் படமில்லை போல, அதனால இனிமே எவரு வந்தாலும் கதவைத் தட்டுறதுக்கு முன்னால நான் கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணு, 'வயிறு நிறைஞ்ச பிள்ளையையும் எடுப்பீங்களா?'ன்னு — இந்தா, அக்கா மாடியில இருந்து கூப்பிடுறாங்க, வாரேன்க்கா, வாரேன், இந்த ஒரு வரியை மட்டும்