இடது பக்கத்துக் குத்து

என் பீரோவுக்குப் பின்னால் ஒரு கண் பரிசோதனை அட்டை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கான அட்டை. ஆங்கில 'ஈ' எழுத்து, மூன்று விரல் நீட்டிய கைபோல, மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிக் கிடக்கும். விரல்கள் எந்தப் பக்கம் நீண்டிருக்கின்றன என்று பரிசோதனைக்கு வந்தவர் கையால் காட்ட வேண்டும். முதல் வரியில் ஒன்றே ஒன்று, பெரிதாக. கடைசி வரியில் ஐந்து, கடுகளவில். பழைய பொருளைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதிய பொருள் கிடைக்கும் என்று எங்கள் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. திரும்பி வந்ததை இரண்டு பேர் கையெழுத்திட்டு அழிக்க வேண்டும் என்பது அடுத்த விதி. இரண்டையும் எழுதியவன் நான்தான். அட்டை என் மேஜைக்கு வந்தபோது ஒரு கையெழுத்தை நான் போட்டேன். அழித்தாயிற்று என்று சொல்லி இன்னொருவரிடம் இரண்டாவதை வாங்கினேன். அட்டையை என் அறைக்கு எடுத்துப்போனேன். முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் திருட்டு என்று செய்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் விதிப்படி செய்தவை.

2000-களின் நடுவில் கத்தாரின் ராஸ் லஃபானில், எரிவாயுக் குழாய் பதிக்கும் கம்பெனி ஒன்றில் பெர்மிட் ஆபீசராக இருந்தேன். யார் எந்த இயந்திரத்தில் ஏறலாம், அதற்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும், எது எப்போது காலாவதியாகும் என்பதெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். ஆணி அடிப்பதற்குக்கூட என்னிடம் படிவம் உண்டு என்று சைட்டில் கேலி செய்வார்கள். அது பொய். ஆணிக்குப் படிவம் கிடையாது, சுத்தியலுக்குத்தான் உண்டு. கேம்ப்பில் எனக்குத் தனி அறை கொடுத்திருந்தார்கள். எட்டுப் பேர் படுக்கும் அறைகளில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நான் அவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். அங்கே ஒரு மனிதனை இன்னொரு மனிதன் தொடுவது மாதத்துக்கு ஒருமுறை, முடிவெட்டும் கடையில். வருடத்துக்கு ஒருமுறை மெடிக்கலில் ரத்தம் எடுக்க நர்ஸ் கையைப் பிடிப்பார். அதற்கு மேல் வேண்டுமென்றால் லீவில் ஊருக்குப் போக வேண்டும். ஊரிலும் இரண்டாவது வாரத்திலிருந்து நான் விருந்தாளிதான்.

கிரேன்காரரை முதலில் சந்தித்தது கேம்ப்பின் பொழுதுபோக்கு அறையில். வார விடுமுறையான வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் தூங்குவார்கள். அறை காலியாக இருக்கும். டேபிள் டென்னிஸ் மேஜையை ஓரம் தள்ளிவிட்டு நான் தனியாகக் கராத்தே பயிற்சி செய்துகொண்டிருந்தேன். கல்லூரி நாளில் பழகியது. பிரவுன் பெல்ட் வரை போய், சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருந்தேன். வாசலில் ஒருவர் டீ கிளாசோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான், ஐம்பதைத் தொடப்போகிற வயது. சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்தவர், வடசென்னைக்காரர், அங்கே இளவயதில் குத்துச்சண்டை போட்டவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

“இன்னா சார், கைய இடுப்புலயே வச்சினு கீறீங்க? பர்ஸ் கீதான்னு பாக்கறீங்களா?”

“அது தயார் நிலை. அங்கேருந்துதான் குத்து புறப்படும்,” என்றேன்.

“அது பொறப்பட்டு, பஸ்ஸ புடிச்சி, இங்க வந்து சேர்றதுக்குள்ள நா இன்னொரு டீ சொல்லிருவேன் சார்.”

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு ஜோடிக் கையுறைகளோடு வந்தார். காலைப் பயன்படுத்தக் கூடாது என்பது உடன்பாடு. முதல் மூன்று வருடமும் நான் தோற்றேன். கராத்தே என்னைப் போன்றவர்களுக்காகவே உண்டாக்கப்பட்ட கலை என்று அப்போது புரிந்தது. எட்ட நிற்பது, அளந்து ஒரு அடி, உடனே பின்வாங்குவது, அடித்தாயிற்று என்று அறிவிப்பது; ஏறக்குறைய ஒரு அலுவலகக் கடிதம். குத்துச்சண்டை அப்படியில்லை. அவர் கிட்டே வந்துவிடுவார், வந்தால் போகமாட்டார். என் குத்தைத் தோளில் வாங்கிக்கொண்டே இன்னும் ஒரு அடி உள்ளே வருவார். அதில் ஒரு வசதி உண்டு. இருவரும் களைத்துப்போனால் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி. அவர் நெற்றி வியர்வையோடு என் தோளில் அழுந்தி நிற்கும். நாலைந்து மூச்சு. அந்த நாலைந்து மூச்சுக்காகத்தான் ஆறு நாளும் காத்திருந்தேன் என்பதை இப்போதுதான் எழுத முடிகிறது. அன்று கேட்டிருந்தால் உடற்பயிற்சி என்று சொல்லியிருப்பேன்.

அவர் சொன்ன யோசனைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், தலைப்பும் வரிசை எண்ணும் போட்டு. அடி விழும்போது மூச்சைப் பிடிக்காமல் வெளியே விட வேண்டும். பின்னால் ஓடாமல் பக்கத்தில் நகர வேண்டும். எதிராளியின் கண்ணைப் பார்க்கவே கூடாது. “கண்ணு பொய் சொல்லும் சார். நெஞ்ச பாருங்க. தோள் அசையாம எவனாலயும் கைய வுட முடியாது.” நாங்கள் ஒருவர் பெயரை ஒருவர் சொன்னதில்லை. அவருக்கு நான் சார். எனக்கு அவர் ஆபரேட்டர். மற்ற நாட்களில் சைட்டில் பார்த்தால் தலையசைப்போடு சரி. நூறு அடி உயரத்துக்குக் குழாயைத் தூக்கி நிறுத்தும் கிரேனின் கேபினில் அவர் பத்து மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். அலுக்காதா என்று ஒருமுறை கேட்டேன். “மேல குந்திட்டா எவனும் கூப்புட மாட்டான் சார். கீழதான் பேஜாரு.”

நாலாவது வருடம் இரண்டு மாத லீவு முடிந்து திரும்பி வந்தார். அதுவரை இடது காலை முன்னால் வைத்து நின்றவர், வலது காலை முன்னால் வைத்து நின்றார். என்ன இது என்றேன். “சௌத்பா சார். மாத்தி நின்னா எதிராளி கொயம்புவான்.” நான் குழம்பவில்லை, நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கினேன். இரண்டே வாரத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். என் வலது கையை நேராக விடாமல், வெளியே சுற்றி அவருடைய இடது பக்கமாகக் கொண்டுவந்தால் ஒவ்வொரு முறையும் விழுந்தது. தலையைச் சாய்க்கவில்லை, கையை உயர்த்தவில்லை. குத்து வந்து விழுந்த பிறகுதான் அவர் உடம்புக்குத் தகவல் போனது. நாலு வெள்ளிக்கிழமை தொடர்ந்து ஜெயித்தேன். ஐம்பது வயதில் ஒருவன் அவ்வளவு சந்தோஷப்படலாமா என்பதற்கு விதி எதுவும் இல்லாததால் சந்தோஷப்பட்டேன்.

“கராத்தே ஜெயிச்சுதா இல்லையா ஆபரேட்டர்?”

“கராத்தேவா? கையி இடுப்புலேர்ந்து எறங்கி வந்துச்சே, அத்த சொல்லுங்க. பாக்சிங்தான் சார் ஜெயிச்சுது. வேற ஆள் கையில.” கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார். பிறகு, கேட்காமலே சொன்னார்: “இன்னும் ஒரே ஒரு மெடிக்கல் சார். அத்த தாண்டிட்டா ஒரு வருசம். பொண்ணு காலேஜ் முடிச்சிரும், அப்பால கலாஸ். ஊருக்குப் பூடுவேன்.”

அந்த நாட்களில் ஆட்டம் முடிந்ததும் என் இரண்டு கைகளிலும் குத்து வாங்கும் மெத்தைகளை மாட்டச் சொல்வார். ஒரே வரிசையில் ஐந்து குத்து. “மேல, ரைட்டு, கீழ, கீழ, லெப்ட்டு.” முகத்துக்கு ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வயிற்றுக்கு இரண்டு, மறுபக்கம் ஒன்று. சில நாள் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தபடியே அடிப்பார். எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். பழைய வாத்தியார் என்றார். அதையும் எழுதி வைத்தேன்.

அவருக்கு முந்தின மாதம் எனக்கு மெடிக்கல் வந்தது. கிளினிக்கில் ஒரு மலையாளி நர்ஸ். நல்ல மனிதர், ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரை முடித்தாக வேண்டியவர். அதனால் அட்டையின் கடைசி வரியை மட்டும், இடமிருந்து வலமாக, எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்பார். எனக்கு எழுத்து தெரியும் என்றாலும் அங்கிருந்தது அந்த ஒரு அட்டைதான். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கையை நீட்டினேன். மேல். வலம். கீழ். கீழ். இடம். கடைசி எழுத்துக்குக் கையைக் காட்டும்போது என் கையில் மெத்தை இல்லாதது மட்டும்தான் வித்தியாசம் என்று தெரிந்தது.

“கழிஞ்ஞு சாரே, கையைத் தாழ்த்திக்கோங்க,” என்றார் நர்ஸ். நான் தாழ்த்தவில்லை போலிருக்கிறது. இரண்டாவது முறையும் சொன்னார்.

அன்று மதியம் படிவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சைட்டுக்குப் போனேன். என்னிடம் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். கிரேன் ஒரு கட்டுக் குழாயைத் தூக்கியிருந்தது. கீழே ஆறு பேர். சைகை காட்டுகிறவர் கேபினுக்கு இடது பக்கம் நின்றார். கண்ணாடிக்குள் கிரேன்காரர் தலையைக் கோழிபோல வெடுக் வெடுக்கென்று இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருப்பலுக்கும் நடுவில் ஒரு கணம் அந்த ஆறு பேரும் அவருக்கு இல்லை. அவர் எவ்வளவு கவனமாக வேலை செய்கிறார் என்பதைப் பார்க்கவே பயமாக இருந்தது. குழாய் பத்திரமாக இறங்கியது. அன்று.

பாரம் தூக்குகிறவரின் உடல்குறை ஒருவருக்குத் தெரியவந்தால், அன்றைக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவத்தில் 'தெரிவிப்பவர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை நான்தான் வற்புறுத்திச் சேர்த்தேன், பொறுப்புணர்ச்சி வளரட்டும் என்று. இரண்டு நாள் அந்தப் படிவம் என் இழுப்பறையில் கிடந்தது. நடுவில் வந்த வெள்ளிக்கிழமை தலைவலி என்று சொல்லி ஆட்டத்துக்குப் போகவில்லை. அவர் அறைக்கு ஐம்பது அடி நடந்துபோய்க் கதவைத் தட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாக மூன்றாவது நாள் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதினேன். கண் பரிசோதனை அட்டை மங்கிவிட்டது, வேறு வரிசை உள்ள புதிய அட்டை மாட்டவும், இனி வரிகளை முறை மாற்றிக் கேட்கவும். யார் பெயரும் இல்லை, யார்மீதும் புகார் இல்லை. குறை சொல்லவே முடியாத கடிதம்.

புதிய அட்டையின் முன்னால் உட்கார்ந்தவரின் இடது கண்ணுக்கு வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. லீவில் இருந்தபோதே போயிருந்ததாம். அவருடைய லைசென்ஸ் ரத்து, நாட்டை விட்டு வெளியேறுவதற்கான எக்சிட் பெர்மிட், டிக்கெட் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு வாரம் ஆகும். நான் நாலே நாளில் முடித்தேன்.

புறப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. கையுறைகளோடு வந்தார். பழையபடி இடது காலை முன்னால் வைத்து நின்றார். நான் வலது கையை மடக்கியே வைத்திருந்தேன்.

“இன்னா சார், ரைட்டு கை எங்க? அதுக்கும் லீவு குட்த்துட்டீங்களா?”

அப்போதும் நான் விடவில்லை. அவர் நிறுத்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். என் கையுறையின் கயிறு இறுகியிருந்தது. பக்கத்தில் உட்காரவைத்து, குனிந்து பல்லால் முடிச்சை இழுத்து அவிழ்த்தார். குனிந்தபடியே கேட்டார்.

“அட்டைய மாத்தினது நீங்கதானே? ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்துச்சின்னாரு நர்ஸு. லெட்டர் எய்தற ஆளு அங்க ஒருத்தர்தான் கீறாரு.”

“ஆமா.”

“ரூமுக்கு வந்து, டேய், உனக்குக் கண்ணு தெரியல, எறங்குடான்னு சொல்லிருந்தா எறங்கியிருப்பேன் சார். நானே எறங்கியிருப்பேன். கீழ நிக்கறவன் எனக்கு மட்டும் யாரு?”

“பேர் வெளிய வரக் கூடாதேன்னு...”

“யார் பேரு? எம் பேரா, உங்க பேரா?”

முடிச்சு அவிழ்ந்தது. கையுறையைக் கழற்றி என் மடியில் வைத்தார். “அட்ச்சது தப்பில்ல சார். நேரா வந்து அட்ச்சிருக்கலாம். நீங்களும் அந்தப் பக்கமாவே வந்துட்டீங்க.” கோபமாகச் சொல்லவில்லை. மூச்சை வெளியே விடச் சொன்ன அதே குரலில், என் ஆட்டத்தில் ஒரு குறையைத் திருத்துவதுபோலத்தான் சொன்னார்.

அதன்பிறகு ஆறு வருடம் அங்கே இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் டேபிள் டென்னிஸ் மேஜை அதன் இடத்திலேயே கிடந்தது. அந்த கிரேனிலிருந்து ஒரு குழாயும் விழவில்லை. அவரே தொடர்ந்திருந்தாலும் விழாமல் இருந்திருக்குமா என்பது எந்தப் படிவத்திலும் எழுத முடியாத கேள்வி. அவரை இறக்கியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இறக்கிய விதத்துக்கு நோட்டில் பக்கம் ஒதுக்கவில்லை. சென்னைக்குத் திரும்பிய பிறகு, வடசென்னை ஒன்றும் தூரமில்லை, ஒரு பஸ். அவருடைய முகவரி எனக்கு மனப்பாடம், எக்சிட் பெர்மிட்டில் நான் எழுதியதுதான். போகவில்லை.

இப்போது என் இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து, ஒரு படிவமும் கொடுத்திருக்கிறார்கள். மனைவி மகளின் பிரசவத்துக்கென்று கனடா போய் விசாவை மூன்றாவது முறை நீட்டித்திருக்கிறாள். அந்தப் படிவங்களையும் நான்தான் நிரப்பினேன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் எல்லாம் எழுதியாயிற்று. 'உடன் வருபவர் பெயர்' என்ற கட்டம் மட்டும் பாக்கி. அந்த முகவரிக்கு எழுதலாமா என்று யோசித்தேன். நேராகப் போய்க் கேட்கலாமா என்றும் யோசித்தேன். நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் பீரோவுக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்து ஹாலின் கோடியில் மாட்டினேன். எதிர்ச் சுவரில் முதுகு படும்வரை பின்னால் போய் நின்று, வலது கண்ணைப் பொத்திக்கொண்டேன். கடைசி வரி இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம். மேல். வலம். கீழ். கீழ். இடம். எல்லாம் சரியாக வந்தது. பிறகும் கையை எடுக்காமல், தலையை மட்டும் வெடுக்கென்று இடது பக்கம் திருப்பிப் பார்த்தேன்.