மூன்றாம் தரம் கேட்பார்கள் என்று

வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்பார். திரும்பக் கேட்டாலும் வேண்டாம்தான். மூன்றாம் தரம் வற்புறுத்தினால், சரி, அரைக் கோப்பை என்பார். நான் வளர்ந்த வீட்டில் அதுதான் மரியாதை. அந்த மரியாதையை ஒஸ்லோவில் வேலைக்கும் கட்டிக்கொண்டு போனேன்.

ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்குப் பின்னேர வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு, அம்மருட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன். காலை வேலைக்குப் பொறுப்பாளராகிவிட்டால் பின்னேரங்கள் என்னுடையவை. அந்த ஆசை எனக்கு நிறையவே இருந்தது.

வருடம் ஒருமுறை எங்கள் மேலாளர் ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுப் பேசுவார். நோர்வேயில் அது வழக்கம். கூடுதல் பொறுப்பு எடுக்க விருப்பமா என்று அந்த நோர்வேக்காரி கேட்பார். இல்லை, இப்படியே நல்லது என்பேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். நானோ வற்புறுத்தலுக்குக் காத்திருப்பேன். எனக்குப் பின்னால் சேர்ந்த நோர்வேப் பெண் ஒருத்தி பொறுப்பாளரானபோது, நிறம் பார்க்கிறார்கள் என்று மனதுக்குள் புழுங்கினேன்.

அவள் வேறு வேலைக்குப் போனதும் அந்த இடம் காலியானது. மேலாளர் மறுபடி கேட்டார். பழக்கதோஷம், என் வாய் இல்லை என்றது. வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். அவர் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்.

"அவ என்ன உம்மடை மாமியோ, மூண்டு தரம் கேட்டு உபசரிக்க? வேணுமெண்டால் போய் வேணுமெண்டு கதையும்."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொல்லி வளர்த்தவர்கள்தான், கேட்டதும் தலையாட்டினால் ஆலாய்ப் பறக்கிறாள் என்றும் சொன்னார்கள். நான் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மேலாளரின் கதவைத் தட்டினேன். நேற்றுச் சொன்னது எங்கள் ஊர் மரியாதைக்குச் சொன்ன 'இல்லை', எனக்கு அந்த வேலை வேண்டும் என்றேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அதற்கு உங்களைத்தான் முதலில் நினைத்தேன், ஒவ்வொரு தடவையும். வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது மரியாதை இல்லையே என்றுதான் விட்டேன்."

அவருக்கும் மரியாதைதான். இத்தனை வருடம் புழுங்கியதெல்லாம் ஒரு பெருமூச்சில் போனது. அந்த இடம் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, கோப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

அவர் கேட்டு முடிக்குமுன்னே ஓம் என்றேன்.