சகலை வீட்டு ஸ்பூல் மிஷின்

என் சகலை லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவர் குடியிருப்பது லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். நான் அவருக்கு நேர் கீழே. அக்காவும் தங்கையும் பிரியக் கூடாது என்று செய்துகொண்ட ஏற்பாடு. அவர்கள் பிரியவில்லைதான், ஆனால் அவர் வாங்கி வரும் சாமானெல்லாம் என் முதுகில் ஏறுகிறது.

மீன் தொட்டி, தொலைநோக்கி, இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள் எல்லாம் அப்படித்தான் வந்தன, வந்த வழியே போயின. கடைசியாக வந்தது, பெரிய சக்கரங்களில் நாடா சுற்றும் பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர். மூடப்போகும் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் லிப்டைப் பார்க்கப் போனவரிடம், "தூக்கிட்டுப் போனா போதும்" என்று சும்மாவே கொடுத்துவிட்டார்கள். அதன் முழு அர்த்தம் எனக்கு மாடிப்படித் திருப்பத்தில் விளங்கியது.

"அண்ணே, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."

"உன்னைத்தான்யா சாய்க்கணும்," என்றேன்.

என் கொழுந்தியாள் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள். ஸ்பூல் மிஷின் போய் உட்கார்ந்தது அவள் துணி வெட்டும் மேசையில். கையில் கத்தரியோடு தீர்ப்புச் சொன்னாள்.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள என் காதுக்குப் பிடிச்சதா ஒண்ணாவது இது பாடணும். இல்லேன்னா சைக்கிள் போன வழிதான் இதுக்கும்."

அவர் முகம் சுண்டிவிட்டது. மற்ற சாமான்கள் மேலெல்லாம் ஆசைதான் பட்டார். இதன் மேல் உயிரையே வைத்துவிட்டார். ரப்பர் பட்டையை மாற்றி, எண்ணெய் விட்டு, ஓட வைத்தார். ஓடியது, பாடத்தான் நாடா இல்லை. கடை கடையாக ஏறி இறங்கினார். ஒருவன் கேசட்டை நீட்டினான். இன்னொருவன் பார்சல் ஒட்டுகிற டேப்பை நீட்டினான்.

விஷயம் தெருமுனைச் சலவைக்கடைக்காரர் காதில் விழுந்தது. மனிதர் இளவயதில் ஒரு வாத்தியக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவராம். பரணில் கிடந்த ரீல் ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"எங்க குழு வாசிச்சது. பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும்தான். போட்டுக் கேக்க மிஷின் இல்லாம நானே கேட்டு எத்தனையோ வருஷமாச்சு. வேலை ஒழிஞ்சப்போ கேக்க வரேன்."

அன்று மாலை மேலிருந்து வந்த சத்தத்தை என்னவென்று சொல்ல? ஒவ்வொரு சுரமும் எங்கிருந்தோ உப்பிக்கொண்டு வந்து பட்டென்று அறுந்தது. என்ன ஆபத்தோ என்று ஓடினேன். சகலை கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இது புது மாதிரி சங்கீதம்ணே. கேக்கக் கேக்கத்தான் பிடிபடும்."

நீதிபதியம்மாளைப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு அத்தான்," என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! அக்கா தங்கை இருவரில் இவள்தான் விவரமானவள் என்று அதுவரை நம்பியிருந்தேன். மிஷின் தங்கிவிட்டது. தினமும் கச்சேரி. நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சலவைக்கடைக்காரர் மடிப்புக் கலையாத சட்டையில் சகலை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்; நானும் மேலே போனேன். ரீல் சுற்றியது. அவர் முகம் முதலில் கோணியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, வாலைப் பிடிச்சு ஓட்டுறீங்க! பதிவு முடிஞ்சா நாங்க திருப்பிச் சுத்த மாட்டோம், அப்படியே எடுத்து வெச்சுடுவோம். போடறதுக்கு முன்னாடிதான் சுத்தணும். நீங்க கடைசியிலேர்ந்து முதலுக்குக் கேட்டிருக்கீங்க."

அவரே ரீலை வலப்பக்கம் மாட்டி, நாடா முழுவதையும் இடப்பக்கம் சுற்றவிட்டு, பிறகு ஓட்டினார். அடேயப்பா! கிடாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. என் கால் என்னைக் கேட்காமலே தாளம் போட்டது. டிரம்ஸ் வந்தபோது சலவைக்கடைக்காரர் தன் இரண்டு கைகளையும் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

சகலை மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"நல்லா இருக்குன்னு சொன்னியே?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா உக்காந்திருந்தீங்க. எப்படி இல்லேன்னு சொல்றது?"

"முதல் நாள் மிஷினைக் காப்பாத்தத்தான் தலையாட்டினேன். அப்புறம் உனக்குப் பிடிச்சிருக்கேன்னு தினமும் போட்டேன். தலைவலி மாத்திரை எல்லாம் தீந்து போச்சு."

"எனக்கும்தான்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் வாத்தியமே கேட்கவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பஞ்சு வைத்துக்கொண்ட கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

இசை முடிந்தது. சகலை, மனைவியின் கத்தரி வைத்திருந்த கையைப் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்துதான் கேட்டார்.

"இது பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு," என்றாள் அவள். "இந்தத் தடவை நிஜமா."