புறம் மாற்றித் தைத்த போர்வை

பொதியின் வாயைக் கிழித்ததும் முதலில் வந்தது வாசம்தான். யாரோ தூரத்து நாட்டுக்காரரின் சவர்க்காரத் தூள் வாசம்... அதோடு கொஞ்சம் பூச்சி உருண்டை, கொஞ்சம் மழையில் நனைந்த சாக்கு.

சுனாமியாய்க் கடல் வந்து போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. கல்முனையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டுமே மிச்சம். நானும் என் மூத்த சகோதரி சுபைதா ராத்தாவும் மாவடிப்பள்ளியில், வயலோரம் இருந்த மாமி வீட்டில் தங்கியிருந்தோம். பள்ளிவாசலுக்கு நிவாரண லொறி வந்தால் மாமிதான் போய் வருவார்.

அன்றைய பொதியில் தடித்த பிளனல் சட்டைகள். எங்கள் வெயிலுக்கு அதை யார் போடுவது? அடியில் ஒரு போர்வை. சதுரம் சதுரமாகத் துணி ஒட்டித் தைத்தது. ஒரு பக்கம் ஒழுங்காக இருந்தது. மறுபக்கத்தில் தையல் ஓரமெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு, நூல் பிரிந்து, பஞ்சு பஞ்சாக...

“புறம் மாத்தித் தச்சிட்டாங்க போல கா” என்று மாமி சிரித்தார். “வாசல்ல கால் தொடைக்கப் போடுவம்.”

“மாமி... அதக் கால்ல போடாதீங்க. இஞ்ச தாங்க, பாப்பம்.”

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். பேசியது ராத்தா.

ராத்தா எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தவர். கடல் வந்த அன்று காலை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன அவர் கணவர், என் மச்சான், உயிர் போன மையித்தாகத்தான் கிடைத்தார். தையல் மெசினும் கடலோடு போனது. கணவனை இழந்தவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா நாட்கள் அவை. எதைக் கேட்டாலும் “ஓம்”, இல்லையென்றால் “வேணாம்”. அவ்வளவுதான். நாங்கள் கேட்காமல் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

போர்வையை மடியில் போட்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“பிழையாத் தச்சதெண்டா ஒண்டு ரெண்டு இடத்துல இரிக்கும். இது எல்லா ஓரமும் இப்பிடித்தான் இரிக்கி. வேணுமெண்டுதான் செஞ்சிரிக்காங்க. ஏன்?”

அந்த “ஏன்” எங்கள் வீட்டுக்குள் புகுந்துகொண்டது. குளிருக்காக இருக்கும் என்றேன் நான். சோம்பேறித்தனம் என்றார் மாமி. ராத்தா பிளேட்டால் ஒரு சதுரத்தைப் பிரித்தார். மேலே பூப்போட்ட மெல்லிய சீத்தைத் துணி, கீழேயும் சீத்தை, நடுவில் பிளனல். நம்மூரில் பிறந்த பிள்ளையைச் சுற்றுவோமே, அதே மெதுமெதுப்பு. வெளியே நீட்டிய ஓரங்களைக் கத்தரிக்கோலால் நெருக்கநெருக்கமாக வெட்டியிருந்தது தெரிந்தது.

“தச்சிப் பாத்தாத்தான் விளங்கும்” என்றார்.

மாமியின் பழைய கால்மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டோம். யாரும் போடாத சட்டைகள் பிளனலாயின. மாமியின் திரைச்சீலையும் தலையணை உறைகளும் சீத்தையாயின. மூன்று துணியை அடுக்கி, குறுக்கே பெருக்கல் குறி போலத் தைத்து, பிறகு சதுரங்களை ஒன்றோடொன்று சேர்த்தார் ராத்தா. தடித்த இடம் வந்தால் ஊசி முறியும். ஓரம் வெட்டும் வேலை எனக்கு. பெருவிரல் கொப்பளித்துவிட்டது. ஓரிடத்தில் தையலையும் சேர்த்து வெட்டிவிட்டேன்.

“கண் எங்க இரிக்கி ஒனக்கு? தையலையெல்லோ வெட்டிப்போட்டாய்!”

ராத்தா ஏசினார்... எனக்கும் மாமிக்கும் அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில்தான்.

ஆனால், முடித்து விரித்தால் அது வேறு மாதிரி. வெட்டிய ஓரமெல்லாம் சீப்புப் பல்லாக விறைத்து நின்றது. பொதியில் வந்ததன் பஞ்சுத்தன்மை துளியும் இல்லை. ராத்தா விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த நாளும் பேச்சில்லை. சோற்றையும் தொடவில்லை. ஒரு துணிக்காக வந்த குரல் அதே துணியால் போய்விட்டதோ என்று பயந்தேன்.

மழை விட்ட காலையில் மாமி அந்தப் போர்வையைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போனார். மெசின் எண்ணெய் ஊறிக் கிடந்ததாம். கல்லில் அடித்துத் துவைத்து, வேலியில் போட்டார். வயல் காற்றில் அது நாள் முழுக்கப் படபடத்தது.

பின்னேரம் எடுத்துவந்து ராத்தாவின் கட்டிலில் போட்டவர், “இங்க பாரு புள்ள, இதுக்கு மயிர் மொளச்சிரிக்கி” என்றார்.

ராத்தா எழுந்து உட்கார்ந்தார். வெட்டிய ஓரமெல்லாம் நூல் பிரிந்து, சுருண்டு, கோழிக்குஞ்சு போல...

“மாமி! தோச்சா பிரியத்தான் வெட்டியிரிக்காங்க! ஆரு ஒங்களத் தோய்க்கச் சொன்ன?”

“அழுக்கெண்டு தோச்சன். அதுக்கும் ஏச்சா?”

“இல்ல மாமி... இன்னொருக்காத் தோய்ங்க. இன்னும் பிரியுமா எண்டு பாப்பம்.”

அன்றிரவு ராத்தா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

இத்தா முடிந்ததும் அந்த மெசினிலேயே மறுபடி தைக்கத் தொடங்கினார். தெருவில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் ராத்தாவின் சின்னப் போர்வை ஒன்று போகும். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தபோது, எல்லாரும் வேன் பிடித்து மலைக்குளிருக்குப் பேர்போன நுவரெலியா போனோம். மற்றவர்கள் பூந்தோட்டம் பார்த்தார்கள். ராத்தா விடியற்காலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே நின்றார். “இந்தக் குளிருக்குத்தானா இதத் தச்சிரிக்காங்க” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

இப்போது அந்தப் போர்வைக்கு ஒரு பெயர் இருக்கிறது, போனில் தட்டினால் செய்முறையே ஓடுகிறது. நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டது ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. அந்த நாட்கள் திரும்பி வரட்டும் என்று எப்படிச் சொல்வேன்? சொல்லவே மாட்டேன். ஆனால் மூன்று தலைகள் ஒரு துணிக்கு மேல் குனிந்து “ஏன்?” என்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பகல்கள்... அவற்றை மட்டும் நினைத்துக்கொள்வேன்.

போன கிழமை என் மகள் ராத்தாவிடம் போனை நீட்டினாள். ஏதோ ஒரு நாட்டுப் பையின் புதுத் தையல் வீடியோவாக ஓடியது. ராத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவனமாகப் பார்த்தார். பாதியில் கையை உயர்த்தினார்.

“நிப்பாட்டு புள்ள. மிச்சத்த நான் யோசிச்சிப் பாக்கிறன்.”