நாத்தனாரின் கயிறு

என் நாத்தனார் கயிற்றில் தலைகீழாகத் தொங்குவதை என் மாமியார் முதன்முதலில் பார்த்தது, நான் கல்யாணமாகி வந்த வருடம், என் செல்போனில். பழைய போட்டி வீடியோ. உடம்பில் சுற்றியிருந்த கயிறு அவிழ அவிழ அவள் மேலிருந்து சர்ரென்று இறங்கி, தரைக்குச் சற்று மேலே அப்படியே நின்றாள். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "இதையாடி பண்ணிட்டு இருந்த? பாத்திருந்தா விட்டிருக்கவே மாட்டேன்" என்றார், பக்கத்தில் நின்ற மகளிடம். அதற்குள் நாத்தனார் கயிற்று மல்லர் கம்பத்தில் தேசிய அளவு வரை பதக்கம் வாங்கி, தோள்பட்டை விலகி, போட்டிகளையே விட்டிருந்தாள்.

மாமியார் பார்க்காததற்குக் காரணம் உப்பு. போட்டிகள் பெரும்பாலும் வெயில் காலத்தில் வந்தன. எங்கள் ஊர் மரக்காணத்து உப்பளத்தில் மாமியார் உப்பு வாரப் போவதும் அப்போதுதான். கால் கட்டைவிரல் இடுக்கில் கயிற்றைப் பிடித்து ஏறி ஏறி அவளுக்குத் தோல் உரிந்திருக்கும். அந்தக் காலோடு உப்புப் பாத்தியில் இறங்கினால் எரியும். லீவு நாளில் வேலைக்கு வர மறுத்தவளைச் சோம்பேறி என்றே வீட்டில் நினைத்திருக்கிறார்கள். ஊரில் மாலை போட்டு வரவேற்றபோதுதான் ஏதோ பெரிதாகச் செய்திருக்கிறாள் என்று புரிந்ததாம்.

இப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அரசு வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி மைதானத்து வேப்பமரத்தில் கயிறு கட்டி, உப்பளத்துக்குப் போகிறவர்களின் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாள். சிலர் மாவட்டப் போட்டி வரை போய்விட்டார்கள். என் ஏழு வயது மகள் "அத்தை மாதிரி" என்று அடம்பிடிக்க, பயத்தை விழுங்கிக்கொண்டு நானும் சேர்த்தேன். கீழே போட்ட மெத்தையை ஒவ்வொரு வாரமும் நானே அழுத்திப் பார்ப்பேன்.

சில மாதங்களில் நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, இவளுக்கு வேணாங்க. நிறுத்திடலாம்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். என் பிள்ளைக்கு மட்டும் என்ன குறை? நான்தான் சரியாகச் சாப்பாடு கொடுக்கவில்லையோ?

"ஏன், பயப்படுறாளா?"

"அவ பயப்படலங்க. ஒவ்வொரு பிடிக்கும் உங்க மூஞ்சியப் பாக்குறா. நீங்க கண்ண மூடுனா அவ கை தளந்துடுது. எனக்குத்தான் பயமா இருக்குது."

"நான் வரலன்னா?"

"வராம இருப்பீங்களாக்கும்! கேட்டுக்கு வெளிய நின்னு எட்டிப் பாப்பீங்க" என்று சிரித்தாள்.

இன்னும் ஒரு வாரம் மட்டும் பாரு என்று கெஞ்சினேன். அந்த ஞாயிறு மைதானத்து ஓரத்தில், மரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். எதிரே உப்புக் குவியல்களுக்கு ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்தேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம் திடீரென்று அடங்கியது. தானாகத் திரும்பப் போன கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

"அம்மா, இங்க பாரும்மா!" மேலிருந்து என் மகளின் குரல்.

"பாக்க மாட்டேன்டி. நீ கயித்தப் பாரு" என்றேன்.

எதிரே இருந்த உப்புக் குவியல்களை எண்ணத் தொடங்கினேன். பிறகு மெத்தையில் இரண்டு பாதங்களும் சேர்ந்து இறங்கும் சத்தம்.

"ம்," என்றாள் நாத்தனார். "இன்னொரு வாட்டி ஏறு."