கரைவலைக்காரர் இழுத்த கோழிக்கூடு

அப்பா கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த நேரம், எங்கள் வீட்டில் எல்லாமே ஒரு கோழிக்கூட்டைச் சுற்றித்தான் நடந்தது. கூடென்றால் வளவின் மூலையில் கிடக்கிற கூடில்லை. நகருகிற கூடு! அடியில் பலகை கிடையாது. நாலு பக்கமும் கம்பிவலை, மேலே தகரம். கோழிகள் உள்ளே நின்றபடியே புல்லைக் கொத்தும். மறுநாள் காலையில் கூட்டை ஒரு கூட்டளவு முன்னே தள்ளிவிட்டால் புதுப் புல், புதுப் புழு. எச்சம் விழுந்த இடம் தென்னைக்கு உரம். கீரிப் பயமும் இல்லை. அம்மா இதைப் போனில் பார்த்த நாளிலிருந்து, சாம்பல்தீவில் எங்களுடைய தென்னங்காணியை விட்டால் உலகத்தில் வேறு காணியே இல்லையென்ற மாதிரித்தான் கதைத்தா.

அம்மாவின் திட்டம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கோழிகள் முட்டையிடத் தொடங்கினால் அப்பா திரும்பிப் போகத் தேவையில்லை. “முட்டையைக் கண்ணால காணட்டும், பிறகு பாப்பம்” என்று அப்பாவும் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. அதுவரை அப்பா என்பவர் போனுக்குள்ளே இருந்து கதைக்கிற ஆள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகலாமென்பது எனக்குப் புதுச் சங்கதி. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. பள்ளிக்கூடத்தால் வந்தவுடனே கோழிகளிடம் ஓடிப்போய், “இடுங்கோ, கெதியா இடுங்கோ” என்று கெஞ்சுவேன். அம்மா குசினிக்குப் பின்னால் குஞ்சிலிருந்து வளர்த்த பேடுகள் அவை. என்னைப் பார்த்துத் தலையைச் சரித்துவிட்டுத் தங்கள் பாட்டில் கிளறும்.

கூட்டை அப்பாதான் கட்டினார். கட்டாரில் கட்டட வேலை செய்த மனிசன் சும்மா கட்டுவாரா? தடித்த தடித்த மரமாகப் பார்த்து எடுத்தார். மூலைக்கு மூலை இரும்புத் தகடு, ஆணிக்கு மேல் ஆணி. முடிந்ததும் கோழிகளை உள்ளே விட்டு, கூட்டில் ஒரு தட்டுத் தட்டி, “புயல் வந்தாலும் அசையாது” என்றார்.

அதுதான் பிரச்சினை. அசையவில்லை.

அப்பா தள்ளினார். அம்மா தள்ளினா. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். கூடு இருந்த இடத்திலேயே இருந்தது. “நகருற கூடு கட்டச் சொன்னா கோட்டையெல்லோ கட்டி வச்சிருக்கிறீங்கள்!” என்று அம்மா இடுப்பில் கையை வைத்தா. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. நிலாவெளியில் கரைவலை இழுக்கிற ஆள். கூட்டுக்கு மேலே நிழலுக்குப் போடலாமென்று பழைய வலைத்துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், கூட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “அத்தான், இதுக்கே இந்தக் கவலை? கடலுக்குள்ள கிடக்கிற வலையையே இழுத்துக் கரையில போடுறம். பொறுங்கோ, பெடியளைக் கூட்டிக்கொண்டு வாறன்” என்றார்.

மறுநாள் பின்னேரம் தொழில் முடித்த கையோடு ஒரு பட்டாளமே வந்து இறங்கியது. நான் துள்ளிய துள்ளலைக் கேட்கவா வேண்டும்? கூட்டின் முன்பக்கத்து இரண்டு மூலையிலும் ஒவ்வொரு கயிறு கட்டினார்கள். இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஓர் அணி வேலிக்கரைக்குப் போனது, மற்றது கிணற்றடிக்குப் போனது. கரைவலை அப்படித்தான். கடலில் கிடக்கும் வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் எட்ட எட்ட நின்றுதான் இழுக்கத் தொடங்குவார்கள். பிறகுதான் கிட்டக் கிட்ட வருவார்கள். பிறந்ததிலிருந்து அப்படி இழுத்த கால்கள், தென்னங்காணியிலும் அப்படித்தான் போய் நின்றன. அதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை மாமா எடுத்துக் கொடுத்தார். மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். “ஏலேலோ!” என்று ஒரு இழுவை. கூடு அசைந்தது! “அப்பா, நகருது, நகருது!” என்று நான் கத்தினேன். இரண்டாவது இழுவையில் ‘படார்’ என்று ஒரு சத்தம். வேலிக்கரைக்காரர் ஒரு மூலையையும் கிணற்றடிக்காரர் மறு மூலையையும் கொண்டு போய்விட்டார்கள். புயலுக்கு அசையாத கூடு நடுவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கோழிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை!

“ஐயோ, என்ரை கோழி!” அம்மா தலையில் கை வைத்தா. ஒன்று கிணற்றுக்கட்டில், ஒன்று முருங்கையில், ஒன்று பக்கத்து வளவுக்குள். மாமா அசரவில்லை. “வலையை எடுங்கோடா!” என்றார். அந்தப் பழைய வலைத்துண்டைத் தென்னைக்கும் தென்னைக்கும் நடுவே பிடித்துக்கொண்டு வளைந்து வந்தார்கள். நானும் ஒரு நுனியைப் பிடித்தேன். மீனை வளைக்கிற மாதிரியே கோழியை வளைத்தோம். கடைசிக் கோழி வலைக்குள் விழுந்தபோது நாங்கள் போட்ட ஆரவாரம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு நொந்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “பயந்த கோழி இப்போதைக்கு முட்டை இடாது” என்றா. எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பா கூட்டைத் திருப்பிக் கட்டினார். இந்த முறை மெல்லிய மரம். பின்பக்கத்துக்கு என்னுடைய மூன்றுசில்லுச் சைக்கிளின் சில்லுகள். நானே கழற்றிக் கொடுத்தேன்! ஒற்றைக் கையால் தூக்கி உருட்டலாம். காலையில் அப்பாவும் நானும் மெல்ல மெல்ல உருட்டுவோம், கோழிகள் உள்ளேயே எங்களோடு நடந்து வரும். எவ்வளவு சந்தோசம்! ஆனால் கூட்டுக்குள் வைத்த முட்டைப் பெட்டியில் வெறும் வைக்கோல்தான் கிடந்தது. லீவும் முடிந்துகொண்டு வந்தது. அம்மா சூட்கேசுக்குள் மிளகாய்த்தூளும் கருவாடும் அடுக்கினா.

பயணத்துக்கு முதல் நாள் காலை, வழக்கம்போல முட்டைப் பெட்டியைத் திறந்தேன். முட்டை! ஒன்றிரண்டில்லை, பெட்டி நிறைய! பெரிசு பெரிசாக, கழுவித் துடைத்த மாதிரிப் பளபளவென்று! “அப்பா! அப்பா! இட்டிட்டுதுகள்!” என்று நான் கத்தியதில் காகமெல்லாம் எழும்பிப் பறந்தன.

அப்பா ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “நல்லாக் குளிர்ந்து கிடக்கு” என்றார்.

“கடற்காத்துத்தானே அத்தான்” என்றார் மாமா, கேட்கமுதலே. அன்றைக்கு அவர் தொழிலுக்குப் போகாமல் விடியவே எங்கள் வீட்டில் நின்றார். அப்பா மாமாவைப் பார்த்தார். குசினி வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தா. அப்பா புல்லிலே அப்படியே குந்திச் சிரிக்கத் தொடங்கினார், கண்ணால் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

“ஓம், முட்டையைக் கண்ணால கண்டிட்டன். சூட்கேசில அடுக்கினதை வெளியில எடும்” என்றார் அம்மாவிடம்.

நான் காணியைச் சுற்றி ஓடினேன். கோழிகளுக்கு ஒவ்வொன்றாக நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்தக் கோழிகளுக்கு என்ன கோபமோ, கன நாளைக்கு ஒரு முட்டையும் இல்லை. கேட்டதற்கு, “ஒரே நாளில இட்டுக் களைச்சுப் போச்சுதுகள் பிள்ளை” என்றார் மாமா. பிறகு ஒரு காலை, பெட்டிக்குள் ஒரே ஒரு முட்டை. கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். எச்சமும் வைக்கோலும் ஒட்டி, கைக்குள் சுடச்சுட இருந்தது. இதைப் போய்ச் சொல்வதா என்று வெட்கப்பட்டுக்கொண்டுதான் குசினிக்குக் கொண்டுபோனேன்.

அம்மா அதைக் கன்னத்தில் வைத்தா. உடனே அழத் தொடங்கிவிட்டா. அப்பா ஓடிவந்து வாங்கித் தன் கன்னத்தில் வைத்தார். வாசலில் நின்ற மாமாவுக்கும் கொடுத்தார். மூன்று பேரும் அந்தத் துக்குணி முட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்தார்கள், அம்மா அழுதுகொண்டே சிரித்தா.

“அது சின்ன முட்டை அம்மா. அன்றைக்கு இட்டதெல்லாம் எவ்வளவு பெரிசு!” என்றேன். அவர்கள் இன்னும் கூடச் சிரித்தார்கள். பெட்டி நிறையக் கிடந்த முட்டைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏன் இப்படி அழுகிறா என்று எனக்கு விளங்கவேயில்லை.