வார்டில் மட்டும் தெரிந்த அறிவிப்பு

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் கம்ப்யூட்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். வார்டுக்குள் வந்தால் முதலில் நோயாளிகளிடம் நலம் விசாரிப்பாள், அப்புறம்தான் மெஷினைத் தொடுவாள். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டது கூடப்பிறந்த அண்ணன். கம்ப்யூட்டர் பிரிவுக்கே அவர்தான் தலைவர். அவர் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. நர்ஸான எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

வார்டுகளுக்கும் சர்வருக்கும் நடுவில் ப்ராக்ஸி என்று ஒன்று உண்டு. ஒருவர் கேட்ட பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே நீட்டும். சீக்கிரம் வரட்டும் என்று எங்கள் கம்ப்யூட்டர்கள் சுருக்கிய நகலைக் கேட்கும். கம்ப்யூட்டர் பிரிவு அறையில் சோதித்துப் பார்ப்பதோ சுருக்காத நகலை. இரண்டையும் ப்ராக்ஸி தனித்தனியாக வைத்திருக்கும். பழையதை அழிக்கும் கட்டளை கொடுத்தால் சுருக்காதது மட்டும் போகிறது, சுருக்கியது அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தவள் அவள்தான். "இதைச் சரிசெய்யும்வரை மருந்து அளவுப் பட்டியலை மாற்ற வேண்டாம்" என்று எல்லாத் திரையிலும் தெரிகிற அறிவிப்புப் பக்கத்தில் காரணத்தோடு எழுதியும் வைத்தாள்.

அண்ணன் மாற்றினார். புதிதாக வந்த ஊசி மருந்து வீரியம் கூடியது, பாதி அளவே போதுமாம். அவர் திரையில் புதுப் பட்டியல், எங்கள் திரையில் பழையது. பழைய அளவைப் பார்த்து ஊசி போட்டவள் நான். அந்த நோயாளி இரண்டு நாள் கண் திறக்கவில்லை. எப்படியோ பிழைத்துவிட்டார்.

விசாரணையில் அண்ணன் வாய்கூசாமல் சொன்னார்: "இப்படி ஒரு கோளாறு இருக்குன்னு எங்கிட்ட யாருமே சொல்லல. ப்ராக்ஸி இவ பொறுப்பு."

அவளுக்கு வேலையே போகிற நிலை. தன் அறைக்கு ஓடிப் பார்த்தாள். அறிவிப்பைக் காணோம். மூச்சிரைக்க என் வார்டுக்கு வந்தாள்.

"சிஸ்டர், நான் எழுதினேன்ல? இல்ல, எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சா?"

பக்கத்தைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினேன். தேதியோடு, அவள் பெயரோடு அப்படியே இருந்தது. சர்வரில் நீக்கிவிட்டு, அழிக்கும் கட்டளையும் கொடுத்து, தன் அறையில் சரிபார்த்திருக்கிறார் மகானுபாவர். எங்களிடம் இருந்த சுருக்கிய நகலை அது தொடவே இல்லை.

பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தபோதே அவர் வந்து நின்றார். தாளைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"கிழிச்சுடும்மா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. நீ தனி ஆளு, எங்கயாவது பொழைச்சுக்குவ. அந்த இன்னொரு நகலை எப்படி அழிக்கறதுன்னு மட்டும் சொல்லு."

"அதையும் அதுலயே எழுதியிருந்தேண்ணே, கடைசி வரியில. அழிக்கறதுக்கு முன்னாடி முழுசா படிச்சிருக்கலாம்."

விசாரணை அறைக்குப் போகிற மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்து அழுதாள். அழட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

விசாரணை டாக்டர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். படிவத்தை நிரப்ப ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"பிரிவுத் தலைவர் உங்களுக்கு உறவா?"

"இல்ல சார்," என்றாள்.